விருந்தினர் எண்ணிக்கை

சுபேதார் ஜோதிலிங்கத்தை நான் மொத்தம் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைப் பற்றி எழுத வந்துவிட்டாயா என்று யாராவது கேட்கலாம். அவரைப் பற்றி எழுத இந்த ஊரில் வேறு யாரும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் சுபாஷிணி. டெல்லியில் கலால் துறை குமாஸ்தாவாக இருந்து போன வருடம் பிப்ரவரியில் ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினோரு வருடம் எனக்கு ஒரே வேலை, பி-10. டெல்லியில் கல்யாணமோ பிறந்தநாளோ, விருந்து வைத்து வந்தவர்களுக்கு மது பரிமாற வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் உரிமம் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் பி-10. எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணிவரை, விருந்தினர் எண்ணிக்கை எவ்வளவு என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை. முகூர்த்த நாட்களில் கவுண்டரில் கூட்டம் நெரியும். ஊரே குடித்துக் கும்மாளம் போட நான் காகிதம் தயார் செய்து கொடுத்துவிட்டு, ஜனக்புரி வீட்டுக்கு வந்து எனக்கு மட்டும் ஓர் ஆழாக்கு அரிசி வைப்பேன். இத்தனை வருடத்தில் ஒருத்தராவது, "மேடம், நீங்களும் வாங்க" என்று வாய்வார்த்தைக்குக்கூடச் சொன்னதில்லை. தபால்காரரை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள்?

நான் பிறந்தது வளர்ந்தது சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. எனக்கு வரன் பார்த்த காலத்தில் அவர் என் வேலையை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். "ரெவின்யூல இருக்கா" என்பார். ஒரு தடவை கரோல்பாக்கிலிருந்து வந்த பையனின் அம்மா துருவித் துருவிக் கேட்டு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டாள். "சாராயத்துக்கு லைசென்ஸ் குடுக்கற பொண்ணா?" என்று சொஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். அந்தப் பையன் சாயங்காலமானால் எங்கே போவான் என்பது கரோல்பாக் முழுக்கத் தெரியும். சொல்லி என்ன பயன்? நாலைந்து சொஜ்ஜி இப்படிப் பாதியில் நின்றபிறகு அப்பாவும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். அவரும் அம்மாவும் ஜனக்புரி ஃபிளாட்டில்தான் காலமானார்கள். அண்ணன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சில ஞாயிற்றுக்கிழமை வராது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று நவம்பரில்தான் ஜோதிலிங்கம் முதல் தடவை வந்தார். கவுண்டரில் உரிமம் வாங்கித் தரும் ஏஜெண்டுகளின் கூச்சல். என் ஸ்டேப்ளர் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கியது. "சனியனே" என்று அதைத் திட்டினேன். எதிரில் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஃபைலுமாக நிமிர்ந்து நின்ற ஒரு மனிதர் குனிந்து பார்த்தார்.

"தாயி, நீ தமிழா? இங்கிட்டுக் குடு அத," என்று ஸ்டேப்ளரை வாங்கி, பேனா முனையால் ஒரு நெம்பு நெம்பிச் சரிசெய்து கொடுத்தார். அப்புறம், "சாப்புட்டியா?" என்று கேட்டார்.

மணி மூன்று. நான் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா போன பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். அப்படியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, "ஃபார்மை முதல்ல காட்டுங்கோ, பின்னாடி ஆள் நிக்கறா," என்று சிடுசிடுத்தேன். எனக்கு அன்பு வந்தால் இப்படித்தான் வரும். ஊரில் பாதிப் பேர் என்னை விட்டு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

படிவத்தில் ஒரு பிழை கிடையாது. தேதி நவம்பர் பதினாறு. இடம் பாலத்தில் அவர் வீட்டு மொட்டைமாடி. விருந்தினர் எண்ணிக்கை ஐம்பத்தெட்டு. விசேஷம் என்ன என்ற இடத்தில் 'பிழைத்த நாள்' என்று எழுதியிருந்தார். இதென்ன புது மாதிரி விசேஷம் என்று கேட்டேன்.

"எண்பத்தெட்டுல லடாக் பக்கம் ஒரு மிலிட்டரி லாரி உருண்டுருச்சு தாயி. உள்ள பதினாலு பேரு, அத்தன பேரும் தமிழாளுக. ராத்திரி பூராப் பனி. கையில இருந்தது ஒரே ஒரு ரம் பாட்டிலு. ஆளுக்கு ஒரு மூடி, ஒரு மூடின்னு சுத்திச் சுத்திக் குடிச்சு விடிய வரைக்கும் கெடந்தோம். ஒருத்தன் தூங்கிட்டாலும் போயிருவான்ல? அதனால நான் மணிக்கு ஒருக்கா பேர் கூப்புடுவேன். அவன் ஹாஜிர்னு, இருக்கேன்னு, பதில் சொல்லணும். மெதுவாச் சொன்னா விட மாட்டேன், மறுபடி சொல்ல வப்பேன். பதினாலு பேரும் பொழச்சுட்டோம்."

அதிலிருந்து வருடா வருடம் அந்தத் தேதியில் பதினாலு பேரும் கூடுவார்கள். ஓய்வுக்குப் பிறகு எல்லோரும் பாலம், உத்தம் நகர், ஜனக்புரி என்று மேற்கு டெல்லியிலேயே வீடு பார்த்துக்கொண்டவர்கள். மனைவி மக்களோடு மாடிக்கு வருவார்கள். ஏழு மணிக்கு ஜோதிலிங்கம் ஒரு நீளமான ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் எழுந்து ஹாஜிர் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்தபிறகுதான் பாட்டிலின் மூடியைத் திறப்பார்கள்.

"மிலிட்டரிக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யார் வந்து செக் பண்ணப்போறா? கான்டீன்ல மலிவா ரம் கோட்டாவே இருக்குமே," என்றேன்.

"கான்டீன் சரக்கு என் தொண்டைக்கு. விருந்துக்கு லைசென்ஸ் எடுத்து, கடையில வாங்கி, பில்லோட வப்பேன். அந்த நாள்ல ஒரு தப்பு இருக்கக் கூடாது தாயி."

அடுத்த நவம்பரில் வந்தார். அதற்கடுத்ததிலும் வந்தார். கையெழுத்து மாறவில்லை, சட்டையின் மடிப்பு மாறவில்லை. எண்ணிக்கை மட்டும் மாறிக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு ஐம்பதானது. நாற்பதானது. பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், ஒரு சிலருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, சிலர் ஊரோடு போய்விட்டார்கள், சிலர் போயே போய்விட்டார்கள். ஒரு வருடம் அவர் மனைவியும் போய்விட்டார். அதை அவர் சொல்லவில்லை. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுச் சமையல் யார் என்று நான் சும்மா கேட்டபோது, "இனிமே ஓட்டல்லதான் தாயி" என்றார்.

இறந்தவர் பெயரை என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். யார் பெயரையும் அடிப்பதில்லை என்றார். பதினாலு பெயரையும் கூப்பிடுவார். ஊருக்குப் போனவர்கள் பெயருக்கு நேரே 'ட்ரான்ஸ்பர்' என்று எழுதுவார். இறந்தவர்களுக்கு 'லீவ்'.

"வேலையா மாட்டிக்கிட்டு வர முடியாமப் போனா?"

"அதுக்கு 'டூட்டி'. டூட்டியில இருக்கவன் ஆப்சென்ட் இல்ல. அவன் இங்க இருக்க மாதிரிதான்."

நடுவில் விண்ணப்பமெல்லாம் கணினிக்குப் போயிற்று. கவுண்டர் ஓய்ந்தது. கூச்சல் போட்ட ஏஜெண்டுகளைக்கூட நான் தேட ஆரம்பித்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை திரையில் பெயர்கள் ஓடும். இன்னார் வீட்டுக் கல்யாணம், இன்னார் வீட்டு ஆண்டுவிழா, முந்நூறு பேர், எண்ணூறு பேர். ஒரு மனித முகம் கிடையாது. வீட்டிலும் கிடையாது, ஆபீஸிலும் கிடையாது. ஜோதிலிங்கம் மட்டும் தெருமுனைக் கடையில் விண்ணப்பத்தைப் போட்டு, அச்செடுத்து, அந்தக் காகிதத்தோடு நேரே வந்து நிற்பார். வர வேண்டிய அவசியமே இல்லை. அதை நான் சொல்லவில்லை. "சாப்புட்டியா தாயி?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காக அக்டோபரிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதுதான் உண்மை.

கொரோனா வந்த வருடம் முகக்கவசத்தோடு வந்தார், பதினொன்று என்று எழுதினார். அடுத்த வருடம் நாலு. அந்தச் சித்திரையில் மட்டும் இறந்துபோன ஐந்து பேருக்கு 'லீவ்' எழுதினாராம். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஒன்று. அந்த ஒன்று உத்தம் நகர் ரத்தினவேல், லாரியில் பக்கத்தில் கிடந்தவர்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று நவம்பர். எனக்குப் பணியில் மூன்று மாதம் பாக்கி. வந்தார். சட்டையில் மடிப்பு இருந்தது, உள்ளே இருந்த உடம்பு பாதியாகியிருந்தது. இந்தத் தடவை கணினியில் போடவில்லை, வெறும் படிவத்தை எழுதி எடுத்து வந்திருந்தார். எண்ணிக்கை என்ற இடம் காலி.

"எத்தனை பேர்னு எழுதலையே சுபேதார் சார்?"

"அதத்தான் தாயி ஒன்கிட்டக் கேட்டுக்கலாம்னு விட்டு வச்சேன். சைபர்னு போட்டா ஒங்க கம்ப்யூட்டரு எடுத்துக்கிருமா?"

"ரத்தினவேல் சார் வரலையா?"

"ட்ரான்ஸ்பர். மக வந்து மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அவனுக்கு இப்ப ஆளு அடையாளமே தெரியலயாம்."

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். விருந்தாளி என்று யாருமே இல்லாதபோது உரிமம் எதற்கு? ஒருவர் தன் வீட்டில் தன் பாட்டிலைத் தனியாக உட்கார்ந்து குடிக்க யாரும் பி-10 கேட்பதில்லை. வீட்டுக்குப் போங்கள், இனிமேல் இதற்காக அலையாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் என் கடமை. சொன்னால் அவர் ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் வரவே மாட்டார். பேனாவை எடுத்து அந்தக் காலி இடத்தில் '1' என்று எழுதினேன்.

"யாரு தாயி அது?"

"நான்தான். வரக் கூடாதா?"

எப்படி அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"முழுப் பேரு சொல்லு. ரெஜிஸ்டர்ல ஏத்தணும். இனிஷியல் என்ன?"

"ஆர். சுபாஷிணி."

"ஏழு மணிக்கு ரோல்கால். லேட்டா வரக் கூடாது," என்றார். போகும்போது வாசலில் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படித் திரும்பிப் பார்த்ததே இல்லை.

பதினாறாம் தேதி ஆபீஸிலிருந்து அரைமணி முன்னதாகவே கிளம்பினேன். நீலப் பட்டுப்புடவை கட்டினேன். ஒரு டப்பாவில் தட்டை எடுத்துக்கொண்டேன். ஜனக்புரியிலிருந்து பாலம் மெட்ரோவில் மூன்றே ஸ்டேஷன். பத்து வருடமாக அந்த மனிதர் மூன்று ஸ்டேஷன் தள்ளித்தான் இருந்திருக்கிறார். ஜனக்புரி பிளாட்பாரத்தில் போய் நின்றேன். வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்த வண்டி வந்தது. அதிலும் ஏறவில்லை.

விண்ணப்பம் போட்டவர் வீட்டு விருந்துக்கு, அதைக் கையாண்ட குமாஸ்தா போகலாமா? நடத்தை விதி என்று ஒன்று இருக்கிறதே. ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாக்கு. பயம்தான். தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குத் தனியாக இருக்கும் ஒருத்தி, அதுவும் பாட்டில் திறக்கும் வேளையில் போவதைப் பார்த்து யார் என்ன சொல்வார்களோ என்ற பயம். என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசக்கூட ஆளில்லாத ஊரில் எதற்கு அந்தப் பயம் என்று கேட்டால், பழக்கம். இன்னொரு பயமும் இருந்தது. ஒரு தடவை போய், சிரித்துப் பேசி, சாப்பிட்டுவிட்டு வந்தால், மறுநாளிலிருந்து என் வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

ஏழு மணிக்கு என் வீட்டு நாற்காலியில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் நம்பர் படிவத்தில் இருந்தது, என் கைப்பையில் ஒரு சீட்டிலும் இருந்தது. போன் செய்யவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. தட்டையை நானே சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் ஓய்வு பெற்றேன். மாலை, சமோசா, ஒரு சுவர்க் கடிகாரம். அடுத்த நவம்பரில் கட்டாயம் போய்விடுவது, அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். இப்போது நான் குமாஸ்தா இல்லை, விதியும் இல்லை. அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்பது மாதம் காத்திருந்தேன். நடுவில் ஒரு நாள் போயிருக்கலாமே என்று தோன்றுகிறதா? எனக்கும் இப்போது தோன்றுகிறது. அப்போது, அவரைப் பார்க்கிற நாள் நவம்பர் பதினாறு என்றுதான் மண்டையில் பதிந்திருந்தது. ஆயுள் முழுக்கத் தேதி பார்த்துக் காகிதம் நகர்த்தியவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

போன நவம்பர் பதினாறு, சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பாலத்தில் இறங்கினேன். விலாசம் எனக்கு மனப்பாடம், பதினோரு தடவை சரிபார்த்த விலாசம். வீடு பூட்டியிருந்தது. கேட்டில் 'விற்பனைக்கு' என்று இந்தியில் ஓர் அட்டை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வங்காளிப் பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் ஜ்யோத்ஸ்னா என்று பிறகு சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் இந்தியில் கேட்டாள்.

"நீங்கள் சுபாஷிணிஜிதானே?"

ஜூலையில் இறந்துவிட்டாராம். மழை பெய்த ஒரு காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்து இவள்தான் கதவைத் தட்டியிருக்கிறாள். ஓசூரிலிருந்து மகன் வந்து காரியங்களை முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"உடம்பு முடியாமல் போனபோதே என்னிடம் இதைக் கொடுத்து வைத்தார். நவம்பர் பதினாறாம் தேதி ஒரு மேடம் வருவார், அவரிடம் கொடு என்றார். வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வருவார், போன தடவை வேலை இருந்தது என்றார்."

அந்த நீளமான ரெஜிஸ்டரை என் கையில் வைத்தாள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. அவள் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வரும் வழியில் ஒரு காரியம் செய்தேன். ஜனக்புரியில் ஒரு மதுக்கடையின் வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்ற ஆண்பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாருங்கள் என்று நின்றேன். அறுபது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு குவார்ட்டர் ரம் வாங்கினேன். கடைக்காரன் பில் தராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். "பையா, பில்!" என்று போட்ட சத்தத்தில் வரிசையே அடங்கிவிட்டது.

வீட்டில் மேஜைமேல் ரெஜிஸ்டரைப் பிரித்தேன். கடைசியாக எழுதிய பக்கத்தில் இரண்டாயிரத்து இருபத்துமூன்றின் உரிமமும் படிவத்தின் நகலும் ஒட்டியிருந்தன. விருந்தினர் எண்ணிக்கை 1. என் கையெழுத்து. கீழே ரம் வாங்கிய பில். அதற்கும் கீழே பெயர்கள். லீவ், லீவ், ட்ரான்ஸ்பர், லீவ் என்று வரிசையாகப் போய், ஜோதிலிங்கம் என்ற பெயருக்கு நேரே ஹாஜிர். பதினைந்தாவதாகப் புதிதாக ஒரு பெயர், ஆர். சுபாஷிணி. அதற்கு நேரே அவர் கையால் 'டூட்டி' என்று எழுதியிருந்தது.

நான் வராமல் இருந்தேன் என்று அவர் எழுதவில்லை. அன்றைக்குப் பட்டுப்புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை டூட்டியில் இருந்ததாக எழுதிவிட்டு, தனியாக மூடியைத் திறந்திருக்கிறார். விம்மி விம்மி அழுதேன். அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை.

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே 16-11-2024 என்று தேதி எழுதி, பதினைந்து பெயர்களையும் எழுதி வைத்திருந்தார். கடைசி இரண்டு மூன்று பெயர்களில் எழுத்து நடுங்கியிருந்தது. நேரேயிருந்த இடமெல்லாம் காலி.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணி ஆகும்வரை காத்திருந்தேன். எழுந்து நின்றுகொண்டேன். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு எழுதினேன். ரத்தினவேல், ட்ரான்ஸ்பர். பதினாலாவதாக ஜோதிலிங்கம் என்று கூப்பிட்டேன். 'லீவ்' என்று எழுதினேன். ரம் பாட்டிலைத் திறக்க இன்னும் ஒரு பெயர் பாக்கி இருந்தது.

"ஆர். சுபாஷிணி," என்று கூப்பிட்டேன்.

"ஹாஜிர்," என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை. அவர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். மறுபடியும் சொன்னேன்.